சதுரங்கப் பலகையின் பேரெண்

கேள்வி: சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என இரட்டித்துக்கொண்டே 64 கட்டங்களையும் நிரப்பினால் மொத்தம் 18446744073709551615 மணிகள் வரும் என்பது பலரும் அறிந்த கணக்கு. எல்லோரும் இதன் அளவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஓர் எண் என்ற முறையில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டா? இது பகா எண்ணா?

பதில்: பகா எண் அன்று. கடைசி இலக்கம் 5 என்பதால் 5ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87 என்பதால் 3ஆலும் வகுபடும், ஆனால் 9ஆல் வகுபடாது. இதன் மற்றக் காரணிகளையும் கணினியின் துணையின்றியே காணலாம் என்பதுதான் இந்த எண்ணின் பெரிய சிறப்பு.

இந்த எண்ணோடு 1ஐக் கூட்டினால் 2இன் 64ஆம் அடுக்கு கிடைக்கும். ஆகவே, இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்தும் பள்ளிப் பாடத்துச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், இது 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கற்பலனாகப் பிரிந்துவிடும். இவை ஒவ்வொன்றும் 2இன் ஓர் அடுக்கைவிட ஒன்று கூடுதல். அந்த அடுக்குகளும் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்தே செல்கின்றன. இவ்வகை எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். முதல் ஐந்தும் பகா எண்கள்தாம். ஆறாவது எண்ணை 641 வகுக்கும் என்று 1732இல் ஆய்லர் காட்டியபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது.

4294967297இன் காரணியைக் கண்மூடித்தனமாகத் தேடினால் 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும் சோதிக்க வேண்டிவரலாம். ஆனால் இதன் எந்தப் பகாக் காரணியும் 64ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றே தொடங்குவதால், ஐந்தாவது சோதனையிலேயே விடை கிடைத்துவிடுகிறது! 641 வகுக்கிறது என்பதைச் சரிபார்க்க நீண்ட வகுத்தலும் தேவையில்லை. 641 என்பது 5ஐ 2இன் 7ஆம் அடுக்கால் பெருக்கி 1ஐக் கூட்டினால் வருவது. அதுவே 5இன் 4ஆம் அடுக்கையும் 2இன் 4ஆம் அடுக்கையும் கூட்டினாலும் வரும். முதல் வடிவத்தின்படி, 5ஐ 2இன் 7ஆம் அடுக்கால் பெருக்கி 641ஆல் வகுத்தால் மீதி -1 (அதாவது, 641இன் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு). அந்தப் பெருக்கற்பலனை 4ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 ஆகும். அதில் வரும் 5இன் 4ஆம் அடுக்குக்குப் பதிலாக, இரண்டாம் வடிவம் அனுமதிப்பதுபோல், 2இன் 4ஆம் அடுக்கை எதிர்க்குறியுடன் இட்டால், 2இன் 32ஆம் அடுக்கு மீதி -1 தருகிறது. எனவே அதனுடன் 1ஐக் கூட்டினால் மீதியின்றி வகுபடும். இவ்வளவு சிறிய வாதம் இவ்வளவு பெரிய எண்ணைப் பிளப்பது எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

4294967297இன் மற்றொரு காரணியான 6700417உம் பகா எண்தான். ஆக, உங்கள் எண்ணுக்கு 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என ஏழு பகாக் காரணிகள் உள்ளன. எதுவும் இருமுறை வருவதில்லை என்பதால் மொத்த வகுத்திகள் 128.

வடிவியலிலும் இதற்கு விளைவு உண்டு. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை ஃபெர்மா வகைப் பகா எண்ணாகவோ, ஒன்றுக்கொன்று வேறுபட்ட அத்தகைய எண்களின் பெருக்கற்பலனாகவோ இருக்க வேண்டும். காஸ் தொடங்கிய இவ்வாய்வை 1837இல் வான்ட்செல் நிறைவு செய்தார். 641 அவ்வகையைச் சேராததால் உங்கள் எண்ணளவு பக்கங்கள் கொண்ட பலகோணத்தை அவ்வாறு வரைய இயலாது. ஆனால் பலகையின் முதல் 32 கட்டங்களின் கூட்டுத்தொகையான 4294967295, முதல் ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனே. ஆறாவது ஃபெர்மா பகா எண் எதுவும் இதுவரை கண்டறியப்படாததால், அவ்வாறு வரையத்தக்கவற்றுள் நாம் அறிந்த மிகப் பெரிய ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை அதுதான்.