பால்கனிக்கு முன்னால் படகு: கேள்வி பதில்

பயணிகள் கப்பல்களின் தளப்பிரிவில் 14 வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதி நாள் உயிர்காப்புப் படகுகளுக்குக் கிரீஸ் தடவுவதிலேயே போனது. ‘பாதி மறைந்த காட்சி’ என்று குறிப்பிட்டுக் கொஞ்சம் மலிவாக விற்கிறார்களே, அந்தப் பால்கனி கேபின்களைப் பற்றிக் கேளுங்கள். விசா, பெட்டி எடை, சாப்பாடு எல்லாம் என் துறை இல்லை.

ஜன்னலோரம்: பாதி மறைந்த காட்சி என்றால் உண்மையில் எவ்வளவு மறையும்? எடுக்கலாமா?

அந்த ஒரே பெயருக்குள் நாலைந்து சங்கதிகளைத் திணித்து வைத்திருக்கிறார்கள். முதலில் எது மறைக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

பெரும்பாலும் படகுதான். இரண்டு படகுகளுக்கு நடுவே உங்கள் கேபின் வந்தால், படகைத் தாங்கும் இரும்புக் கை மட்டும் ஒரு தூண் மாதிரி நிற்கும். அதற்கு டேவிட் என்று பெயர். முதல் கப்பலில் “டேவிட்டுக்குக் கிரீஸ் போடு” என்று சொன்னபோது நான் ஆளைத் தேடினேன். அந்தத் தூண் இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். படகே நேர் எதிரே வந்தால்தான் கணக்குப் போட வேண்டும்.

படகின் கூரை உங்கள் பால்கனித் தரைக்குக் கீழேயே முடிந்துவிட்டால் யோசிக்காமல் எடுங்கள். கப்பலை ஒட்டி ஓடும் தண்ணீர் தெரியாது, அவ்வளவுதான். தொடுவானம் முழுசாக உங்களுடையது. கூரை இடுப்பு உயரம் வரை வந்தால், நின்றால் கடல், உட்கார்ந்தால் ஆரஞ்சு நிற ஃபைபர் கூரை. விளம்பரப் படத்தை எடுப்பவர் எப்போதும் கம்பியோரம் நின்றுகொண்டுதான் எடுப்பார். நீங்களோ காபியோடு நாற்காலியில் சாய்ந்திருப்பீர்கள். உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று கேளுங்கள். இதை இன்னும் நாலு தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தளவரைபடத்தில் உங்கள் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. கீழ்த்தளத்தையும் பாருங்கள், படகுகள் அங்கேதான் வரையப்பட்டிருக்கும். அப்புறம் அந்தக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் பக்கவாட்டுப் படம் ஒன்றைத் தேடி எடுங்கள். முன்பக்கத்திலிருந்து எத்தனையாவது படகு, அதற்கு மேலே எத்தனையாவது பால்கனி என்று விரலை வைத்து எண்ணுங்கள். வரைபடம் பொய் சொல்லாது, ஆனால் படகின் உயரத்தையும் சொல்லாது. படம் சொல்லும்.

உப்புக்காற்று: 8-வது தளத்தில் கேபின் கிடைத்திருக்கிறது. நல்லதா?

எந்தக் கப்பல் என்று சொல்லாமல் தள எண்ணை மட்டும் சொன்னால் பதில் கிடையாது. ஒரு கப்பலில் 8 படகுக்கு நேர் எதிரே இருக்கும், இன்னொன்றில் படகுக்கு மூன்று மாடி மேலே இருக்கும்.

மாலைவெயில்: கரையோரத் துறைமுகங்களில் படகை இறக்கிப் பயணிகளை ஏற்றிச் செல்கிறார்களே, அப்போது காட்சி திறந்துவிடுமா?

திறக்கும். ஆனால் உங்கள் முன்னால் தொங்குவது டெண்டர் படகாக, அதாவது கரைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் படகாக, இருக்க வேண்டும். எல்லாப் படகையும் அதற்குப் பயன்படுத்துவதில்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் நாள்களில்தான் இது நடக்கும். விடிகாலையில் படகின் வடத்தை இழுத்துவிடும் வின்ச் கத்தும், எங்கள் ஆள் உங்கள் பால்கனிக்கு நேராக நின்று “இறக்கு, இறக்கு” என்பார். பயணிகள் கப்பலில் வாரா வாரம் ஒத்திகை உண்டு, அப்போதும் இதே கதைதான். திரையை மூடிவிட்டு உடை மாற்றுங்கள். நாங்கள் பார்க்கக் கூடாததைப் பார்த்த நாள்கள் உண்டு.

கடலோடி: இவ்வளவு தொல்லை எதற்கு? படகுகளை உச்சித் தளத்தில் வைத்தால் யாருக்கும் மறைக்காதே. டைட்டானிக்கில் மேலேதானே இருந்தன?

ஆஹா, இப்போதுதான் என் விஷயத்துக்கு வந்தீர்கள்.

டைட்டானிக்கில் மேலேதான் இருந்தன. 20 படகுகள், 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்தது ஏறத்தாழ 2,200 பேர். 1912-ல் அது மூழ்கியதால்தான் 1914-ல் சோலாஸ் என்னும் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமே பிறந்தது. ஆனால் இன்றைய கப்பல் மிதக்கும் அடுக்குமாடி. அதன் உச்சியிலிருந்து, ஆள் நிரம்பிய படகைக் கம்பி வடத்தில் கீழே விடுவதை நினைத்துப் பாருங்கள். கப்பல் 20 பாகை சாய்ந்திருந்தாலும் படகு இறங்கியாக வேண்டும் என்பது விதி. வடம் நீளமானால் படகு ஊஞ்சலாடி, கப்பல் பக்கத்தில் மோதும். அதனால்தான் டேவிட்டின் தலை, கூடிய மட்டும், நீர்மட்டத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். அந்த உயரத்துக்குச் சற்று மேலேதான் பால்கனி வரிசை தொடங்குகிறது. உங்களுக்குக் காட்சி மறைவது இதனால்தான்.

நங்கூரம்: தவறு. குவீன் மேரி 2-ல் படகுகள் அதைவிட உயரத்தில் இருக்கின்றன.

சரிதான். ‘கூடிய மட்டும்’ என்று அதற்காகத்தான் எழுதினேன். 2004-ல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் வட அட்லாண்டிக்கைக் கடக்கக் கட்டப்பட்டது. அலை தொடாத உயரம் வேண்டும் என்று தனி அனுமதி பெற்று மேலே தூக்கினார்கள். விளைவைக் கவனித்தீர்களா? படகு மேலே போனதும் மறைப்பும் கூடவே ஏறிவிட்டது: அங்கே 8-வது தளப் பால்கனிகள்தான் மாட்டிக்கொண்டன. அதற்குக் கீழே, கப்பலின் உடலில் குடைந்த பால்கனிகளுக்கு முன்னால் கண்ணாடி இல்லை, இரும்புச் சுவர். அங்கும் உட்கார்ந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். இது இரண்டாவது தடவை.

கடலோடி: அப்படியானால் காற்றடைத்த ராஃப்ட் என்னும் மிதவை மட்டும் போதுமே? டப்பாவில் அடங்கிவிடும்.

விட மாட்டீர்கள் போலிருக்கிறது. நீண்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலில், ஒரு பக்கத்துக்குக் கப்பலில் உள்ளவர்களில் பாதிப் பேருக்குப் படகு வேண்டும். கொஞ்சத்துக்கு ராஃப்ட் வைக்கலாம். ஆனாலும் படகு ஒரு பக்கத்துக்கு 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முதியவரையும் குழந்தையையும் ராஃப்டில் ஏற்றிப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

நங்கூரம்: 2012-ல் கோஸ்டா கான்கார்டியா கப்பல் சாய்ந்தபோது சில படகுகளை இறக்கவே முடியவில்லையே?

உண்மை. சாய்வு அளவு மீறிப் போனதும் உயர்ந்த பக்கத்துப் படகுகள் கப்பல் உடலிலேயே சிக்கின. அதனால்தான் ஆரம்பத்திலேயே இறக்கிவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இதைப் பற்றி நான் விடிய விடியப் பேசுவேன், ஆனால் கேபின் கேட்டு வந்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

வெள்ளலை: பாதி மறைந்த பால்கனி எடுக்கலாமா?

முதல் கேள்வியைப் படியுங்கள்.

தயிர்வடை: எனக்குக் கப்பலில் தலைசுற்றும். மாத்திரை எது நல்லது?

மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் ஒன்று: ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுவில், தாழ்வான தளங்களில். படகுகளும் அங்கேதான் வரிசையாகத் தொங்கும். உங்களுக்கு மறைந்த காட்சி ஒரு வகையில் லாபம்.

இரட்டைப்படுக்கை: கேபின் எண்ணைப் பிறகு தருவோம், விலை குறைவு என்கிறார்கள். நல்ல பால்கனி கிடைக்க வாய்ப்பு?

கிடைக்கலாம். யாரும் தொடாமல் மிஞ்சியதுதான் உங்களுக்கு வரும், மிஞ்சுவது எது என்று யோசியுங்கள். காட்சி முக்கியம் என்றால் எண் தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

தொடுவானம்: இடப்பக்கமா, வலப்பக்கமா?

போய்த் திரும்பும் பயணமென்றால் இரண்டும் ஒன்றுதான். ஒரு வழிப் பயணமென்றால் கரை எந்தப் பக்கம் வரும் என்று வரைபடத்தில் பாருங்கள். வடக்கே போகும் கப்பலில் காலை வெயில் வலப்பக்கம். நார்வேயின் கெய்ராங்கர் ஃபியோர்டு மாதிரி முட்டுச்சந்தில் கப்பல் திரும்பித்தான் வெளியே வரும். அங்கே பக்கச் சண்டையே வேண்டாம்.

புகைவண்டி: பால்கனியில் சிகரெட் பிடித்து, துண்டைக் கீழே போட்டால் கடலில்தானே விழும்?

விழாது. காற்று அதைக் கீழ்ப் பால்கனிக்கோ படகின் மேலோ கொண்டுவந்து போடும். 2006-ல் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனி பால்கனியாகத் தீ பரவி ஒருவர் இறந்தார். அணையாத சிகரெட் துண்டு என்றுதான் சந்தேகித்தார்கள். படகின் மேலிருந்து உங்கள் துண்டுகளைப் பொறுக்கியவன் சொல்கிறேன்: போடாதீர்கள்.

வெள்ளலை: படித்தேன். படம் அனுப்பியிருக்கிறார்கள், கடல் நன்றாகத் தெரிகிறது.

நின்று எடுத்ததா, உட்கார்ந்து எடுத்ததா? மூன்றாவது தடவை.

சங்குவளை: 7-வது தளம் மறையுமா?

எந்தக் கப்பல்?