வழுக்கி விழுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். 'மனித உரிமைகளும் அறமும்: என் பார்வை' என்று ஒரு கட்டுரைப் போட்டி வந்திருக்கிறது. அதற்காக என் கருத்துகளை எழுதிப் பார்த்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். மரண தண்டனை அரிதாகவாவது இருக்க வேண்டும். மீளவே முடியாத நோயாளிக்குக் கருணைக்கொலையை அனுமதிக்கலாம். கருக்கலைப்பு பெண்ணின் முடிவுதான், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. செயின் பறிப்பவன், பெண்களிடம் அத்துமீறுபவன் போன்றவர்களுக்குப் போலீஸ் கை காலை உடைத்து மாவுக்கட்டு போடுவதில் தப்பில்லை. கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுக்கிறது. பயமில்லாமல் தெருவில் நடப்பதும் மனித உரிமைதானே?

இவையெல்லாம் என் தனிப்பட்ட கருத்துகள். 'சட்டம் படிக்கிறவன் இப்படிப் பேசலாமா' என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அறம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒருவருடைய தனிப்பட்ட கருத்தைத் தவறு என்று சொல்ல இன்னொருவருக்கு என்ன உரிமை இருக்கிறது? இதுதான் என் கேள்வி.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், போகப்போக மறந்துவிடுவேன். எல்லோருக்கும் உரிமை உண்டு. கருத்து உங்களுடையது, உடைகிற கை இன்னொருவனுடையது. அவன் சார்பில் யார் வேண்டுமானாலும் உங்களோடு சண்டைக்கு வரலாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரிக் கட்டில், இருபது வயதுக்கு மேல் சொல்ல முடியாத ஒரு பையன், வலது கையிலும் இடது காலிலும் மாவுக்கட்டு. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள். அனுப்பியது என் பெரியம்மா மகள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், ஒரு பிள்ளையைக் கூடக் கை நீட்டி அடித்ததில்லை. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லாமல் இருந்தபோது உங்கள் கடிதத்தைத் திறந்தேன். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் காரமாக இருக்கும்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். கருக்கலைப்பு உங்கள் மனசுக்கு ஒப்பவில்லை என்கிறீர்கள். சரி, உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. கருணைக்கொலை பற்றி உச்ச நீதிமன்றம் 2011இல் அருணா ஷான்பாக் வழக்கிலும் 2018இல் காமன் காஸ் வழக்கிலும் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறது. நீங்கள் இரண்டையும் புரட்டியதாகத் தெரியவில்லை. உயிர்காக்கும் கருவியை நிறுத்துவதும் ஊசி போட்டுக் கொல்வதும் அங்கே வேறு வேறு. படித்துவிட்டு எழுதுங்கள்.

மரண தண்டனைக்கு ஒன்றே ஒன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. மறு வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தூக்கு என்று உறுதியானது நான்கு பேருக்கு. அந்த நால்வரும் தூக்கிலிடப்படவில்லை. கடைசியில் மிச்சமிருந்த ஏழு பேரும் 2022இல் வெளியே வந்தார்கள். 'அரிதாகவாவது' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அந்த 26ஐ வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

இனி மாவுக்கட்டு.

கேலிப் படங்களில் எல்லோரும் அதைத் தண்டனை என்றே நினைத்துக்கொள்கிறார்கள், நீங்களும்தான். அது பெரும்பாலும் விளம்பரம். புலனாய்வு செய்ய நேரமில்லை, ஆளில்லை, மேலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது, டிவிக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். கட்டுப் போட்ட ஒரு கையைக் காட்டிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கையை உடைத்தது சரியான ஆளுடையதுதானா என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நிதி நிறுவனம் நடத்தி ஊரையே சுருட்டியவர் எந்த ஸ்டேஷனிலாவது வழுக்கி விழுந்திருக்கிறாரா? வழவழப்பான தரையெல்லாம் சேரிப் பையன்களுக்கும் குறவர்களுக்கும் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள் போல. இந்த பாத்ரூம்களில் போலீஸ்காரர்கள் மட்டும் ஏன் வழுக்கி விழுவதில்லை என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது.

'கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம், அதனால் இப்போது இது தேவைப்படுகிறது' என்கிறீர்கள். தம்பி, இது இப்போது வந்ததில்லை. சாட்சிச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. 1854இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதைப் புகார்களை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள், மறு வருஷம் அறிக்கை வந்தது. வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் ஜனங்களை என்ன செய்தார்கள் என்று அந்த அறிக்கை எழுதிவைத்திருக்கிறது. அதில் 'கிட்டி' வருகிறது, 'அண்ணாந்தாள்' வருகிறது. இரண்டும் நம் ஊர் வார்த்தைகள், ஆங்கில அறிக்கையில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. கிட்டி என்றால் கை விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்றால் ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது.

வெள்ளைக்காரன் மனிதாபிமானி இல்லை. ஆனால் அவனுக்கே தன் போலீஸ் மீது நம்பிக்கை போய்விட்டது. போலீஸ்காரரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று 1861ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதினான். 1872இல் அது சாட்சிச் சட்டத்தின் 25ஆம் பிரிவானது. ஆனால் பக்கத்திலேயே 27ஆம் பிரிவையும் வைத்தான்: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அது செல்லும். 2023இல் சட்டத்தின் பெயரையே மாற்றினார்கள், இரண்டும் புதுச் சட்டத்திலும் இருக்கின்றன. நீங்கள் இதைப் பரீட்சைக்காகப் படித்திருப்பீர்கள். ஸ்டேஷனில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்கிறேன். ஆள் பேசினால் பயனில்லை, நகை வந்தால் பயனுண்டு. அதனால் நகை வரும்வரை அடி.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் தாய்மாமா ஸ்டேஷன் ரைட்டர், போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்தவர். அழகான கையெழுத்து. எனக்கு 'ழ'கரம் எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தான், கொம்பை இவ்வளவு நீட்டாதே என்று தலையில் குட்டுவார். பள்ளி விடுமுறையில் மதியச் சாப்பாட்டுத் தூக்கை நான்தான் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போவேன். ஒருநாள் போனபோது அவர் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் ஒருவர் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களையும் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணி" என்றார். நான் பானைப் பக்கம் நகர்ந்தேன். மாமா எழுதிக்கொண்டே, "இப்பக் குடுக்கக் கூடாது" என்றார். அடி வாங்கியவனுக்கு உடனே தண்ணீர் கொடுத்தால் ஆகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கொஞ்ச நேரம் கழித்துத் தன்னுடைய டம்ளரிலேயே டீ ஊற்றி அவருக்குக் கொடுத்தார். பிறகு கார்பன் பேப்பரை மாற்றி வைத்து, அந்த ஆள் தப்பி ஓடும்போது வரப்பில் வழுக்கி விழுந்ததாக எழுதினார். அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் வழுக்கி விழ பாத்ரூம் ஏது!

ராத்திரி வீட்டில் கேட்டேன். மாமா கோபப்படவில்லை. "நகைக்காரன் வாசல்லயே நிக்கிறான். அய்யா மணிக்கொரு தரம் போன்ல கேக்குறார். ரிகவரி காட்டியாகணும்டா" என்றார். "அவர்தான் எடுத்தாரா?" "பத்துப் பேரைத் தட்டினா மூணு பேர்கிட்ட ஏதாச்சும் கிடைக்கும்." "மீதி ஏழு பேர்?" "வீட்டுக்கு அனுப்பிருவோம்" என்றார். நல்ல மனுஷன். என் அம்மாவின் பிரசவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக் கிடந்தவர். கெட்டவர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்று நீங்கள் கட்டுரையில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நகை என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 1993இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு, குறவர் சமூகம். நகை காணவில்லை என்ற புகாரில் பிடித்துப் போனார்கள், பிணமாகத்தான் கிடைத்தார். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். காரில் வைத்த நகையைக் காணோம் என்ற புகார். போலீஸ் பிடியில் செத்தார், உடம்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். இரண்டுக்கும் நடுவில் 32 வருஷம். கைதாகிறவர்களைப் போலீஸ் எப்படி நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன டி.கே.பாசு தீர்ப்பு 1996இலேயே வந்துவிட்டது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு. அஜித்குமாரைக் கோயிலுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் வைத்து அடித்தார்கள். அங்கே கேமரா இல்லை. கோயில் ஊழியர் ஒருவர் கழிப்பறை ஜன்னல் வழியாகச் செல்போனில் எடுத்த படம்தான் சாட்சியானது.

சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது. 2020 ஜூன் 19, ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும். ஊரடங்கு நேரத்தில் கடையை மூடவில்லை என்பதுதான் புகார். நீதித்துறை நடுவர் விசாரணைக்குப் போனபோது, ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தது தெரிந்தது. அடித்த மறுநாள், 20ஆம் தேதி, இருவரையும் ரிமாண்டுக்கு, அதாவது சிறையில் வைக்க மாஜிஸ்டிரேட் உத்தரவு வாங்க, கொண்டுபோனார்கள். டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். மாஜிஸ்டிரேட் அவர்களைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போய், 22ஆம் தேதி மகன் இறந்தார், 23 அதிகாலை அப்பா.

அந்த ஸ்டேஷனில் இரவுப் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, விடிய விடிய அடித்தார்கள், மேஜையிலும் லத்தியிலும் ரத்தம் இருந்தது என்று நடுவரிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட முதலில் தயங்கினார். வெளியே அவருடைய சக காவலர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு போட்டார். என் மாமாவைவிடப் பதவியில் பெரியவர் இல்லை, சம்பளத்துக்கு அவரைப் போலவே அந்த வேலையை நம்பி இருந்தவர்தான். ரேவதி பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் அந்த அழகான கையெழுத்து ஞாபகம் வருகிறது. அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லி வம்புக்கு இழுத்திருப்பேன்.

நீங்கள் நான்காம் ஆண்டு என்பதால் ரிமாண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் விடமாட்டேன். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் 22ஆம் பிரிவில் சொல்கிறது. ஏன்? போலீஸ் இல்லாத ஒருவர் அந்த உடம்பைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான். நடப்பது என்ன? சாயங்காலம் ஏழு மணி, மாஜிஸ்டிரேட் வீட்டு வாசல். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேள்வி வரும், எல்லா நாளும் வருவதில்லை. கேட்கும்போது அடித்தவரே தோளுக்குப் பின்னால் நிற்பார். திரும்பிப் போவதும் அதே வேனில்தான். "இல்லைங்கய்யா" என்று பதில். காகிதத்தில் 'புகார் எதுவும் இல்லை' என்று ஏறிவிடும். அப்புறம் உங்கள் கட்டுரையில் எத்தனை பெரிய மேற்கோள் இருந்தாலும் அந்தப் பையனுக்கு அது ஒன்றும் செய்யாது.

பயமில்லாமல் தெருவில் நடக்கும் உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019 டிசம்பரில் ஹைதராபாத் பக்கம் சட்டன்பள்ளியில் பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் போலீஸ் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல், கொல்ல வேண்டும் என்றே சுட்டார்கள், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது. அன்று பூத் தூவியதால் அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு ராத்திரியில் பயம் குறைந்தது என்று நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள்.

சரி, நிறையத் திட்டிவிட்டேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, மனசில் இருப்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதில் நான் எல்லாவற்றுக்கும் முற்போக்கான பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், உள்ளே வேறு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ரிமாண்டுக்கென்று வக்கீல்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்து, கொஞ்ச நாள் கூடவே போய் நில்லுங்கள். கேள்வி கேட்கப்பட்டதா, கேட்கும்போது போலீஸை வெளியே போகச் சொன்னார்களா, சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்களா, நொண்டிக்கொண்டு வந்தவன் காலில் என்ன என்று உத்தரவில் எழுதினார்களா, இதை மட்டும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பக்கம் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள். போட்டிக்கு அனுப்பாதீர்கள், நடுவர்களுக்கு அது பிடிக்காது.