கூடாரம் போட்டு ஐரோப்பா: வாசகர் கேள்வி - பதில்

(குழந்தைகளோடு ஐரோப்பாவில் கேம்ப்சைட் (கூடாரம் போட இடத்தை வாடகைக்குத் தரும் வளாகம்) தங்கல் பற்றி வட சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

மே மாத லீவில் 18 நாள் கிடைக்கிறது. பையனுக்கு 8 வயது, பாப்பாவுக்கு 4. பாரிஸ், சுவிட்சர்லாந்து, ஆம்ஸ்டர்டாம், ரோம், வெனிஸ், பிராக் எல்லாம் கேம்ப்சைட்டில் தங்கியே பார்த்துவிட முடியுமா?
*- வாசகி, பெரம்பூர்*

முடியாது என்பதைவிட, வேண்டாம் என்பதுதான் பதில். கூடாரத்தைப் பிரித்து, மடித்து, மூட்டை கட்டி, அடுத்த ஊரில் மறுபடி கட்டி முடிக்க ஒரு முழுப் பகல் போய்விடும். ஆறு ஊர் என்றால் ஐந்து பகல் அதற்கே சரி. நான்கு வயதுக் குழந்தை மூன்றாவது மாற்றலிலேயே அழ ஆரம்பித்துவிடும்.

நான்கு இடம் போதும். பாரிஸில் 4 இரவு. புவா த புலோஞ் காட்டுக்குள்ளேயே கேம்ப்சைட் இருக்கிறது. அடுத்து சுவிஸ் மலைக் கிராமமான லாட்டர்புரூனன் 4 இரவு. பாரிஸ் கார் த லியோன் ஸ்டேஷனிலிருந்து பாசல் சுமார் மூன்று மணி நேரம், அங்கிருந்து இன்டர்லாக்கன் இரண்டு மணி நேரம், பிறகு 20 நிமிஷ மலை ரயில். கேம்ப்சைட் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்; 297 மீட்டர் ஷ்டாவ்பாக் அருவி கூடார வாசலிலிருந்தே தெரியும். பிறகு ஷ்பீட்ஸ் வழியாக மிலன் போய், இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் 5 இரவு. மிலன்-வெனிஸ் ரயில் பாதையிலேயே பெஸ்கியேரா ஸ்டேஷன் இருப்பதால் கார் தேவைப்படாது. கடைசி 3 இரவு வெனிஸ். அந்த ஊருக்குள் ஹோட்டல் விலை கையைக் கடிக்கும். புன்டா சபியோனி அல்லது ஃபுசினா கேம்ப்சைட்டில் தங்கினால் படகில் ஏறி நேரே ஊருக்குள் இறங்கலாம். பிள்ளைகளுக்கு அந்தப் படகே பாதி வெனிஸ். திரும்பும் விமானத்தை வெனிஸிலிருந்தோ மிலனிலிருந்தோ போடுங்கள். பாரிஸுக்கே திரும்பி வருவது வீண் செலவு.

மே மாதத்தில் இரண்டு கண்ணி உண்டு. ஈஸ்டர் ஞாயிறுக்குப் பின் 39ஆம் நாள் வரும் வியாழன், 50ஆம் நாள் வரும் திங்கள், இரண்டையும் ஒட்டிப் பல நாடுகளில் நீண்ட வார இறுதி. அந்த நாட்களில் கேம்ப்சைட்டுகள் நிரம்பி வழியும், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். அடுத்தது, சுவிஸ் மலைக் கணவாய்ச் சாலைகள் பல, பனி விலகாமல் மே கடைசி, ஜூன் வரை மூடியே இருக்கும். ரயிலில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

லாட்டர்புரூனனுக்கு மேலே பனிமலையில் இருக்கும் யுங்ஃப்ராயோக் ரயில் நிலையம் 3454 மீட்டர் உயரம். ரயில் ஒரே மூச்சில் ஏற்றிவிடுவதால் சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவலி, வாந்தி வரலாம். மேகம் மூடியிருந்தால் மேலே வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும். ஆகவே டிக்கெட்டை முன்கூட்டி வாங்காமல், காலையில் உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்களைக் கேட்டால், நான்கு வயதுப் பாப்பாவோடு 1638 மீட்டரில் இருக்கும் ம்யூரன் கிராமமே தாராளம். பெரியவர்கள் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் 6 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு ஃபேமிலி கார்டில் இலவசம். பெற்றோரோடு வருகிற ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட்டே தேவையில்லை.

ஷெங்கன் விசாவை (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் செல்லும் ஒரே விசா) எந்த நாட்டில் கேட்பது? எளிதாகக் கொடுக்கும் நாட்டில் வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறார்களே?
*- வாசகர், வியாசர்பாடி*

அப்படிச் சொல்கிற ஏஜென்டிடமிருந்து ஃபைலைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. மேலே பெரம்பூர் வாசகிக்குச் சொன்ன பயணத்தில் பிரான்ஸ் 4, சுவிஸ் 4, இத்தாலி 8 இரவு. முதலில் இறங்குவது பாரிஸ் என்றாலும் விசா இத்தாலிக்குத்தான்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்கு 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். மே பயணத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதால் பிப்ரவரிக்குள் தேதி வாங்கிவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45, ஆறு வயதுக்குள் இல்லை. 8 வயதும் 4 வயதும் உள்ள குடும்பத்துக்கு 225 யூரோ, அதன் மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதம் செல்ல வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தே வருஷத்தில் காலாவதியாகும் என்பதைப் பல வீடுகளில் கவனிப்பதில்லை.

கேம்ப்சைட் பதிவும் தங்குமிடச் சான்றுதான். ஆனால் புக்கிங் சீட்டில் அப்பா பெயரும் '+3' என்றும் மட்டும் இருந்தால் இழுத்தடிப்பார்கள். நான்கு பேர் பெயரும் தேதியும் வருகிற மாதிரி கேம்ப்சைட்டுக்கு மெயில் போட்டு வாங்குங்கள், தருவார்கள்.

வீட்டு இண்டக்ஷன் அடுப்பை எடுத்துப்போனால் கேம்ப்சைட் கரண்டில் சமைக்கலாமா?
*- வாசகி, தண்டையார்பேட்டை*

மின்னழுத்தத்தில் பிரச்சினை இல்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரச்சினை ஆம்பியரில். கூடார இடத்துக்குக் கொடுக்கும் கரண்டு பல ஊர்களில் 6 ஆம்பியர், சில இடங்களில் 10, நல்ல இடங்களில் 16. ஆறை 230ஆல் பெருக்குங்கள், 1380 வாட். உங்கள் இண்டக்ஷன் 2000 வாட். சின்னதாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். விலை குறைந்த இண்டக்ஷன்கள் பல, 500 வாட் என்று காட்டினாலும் அதிக வாட்டில் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்துதான் சராசரியைக் குறைக்கின்றன. எரிகிற அந்தச் சில நொடிகளே பிரேக்கரைத் தட்டிவிடப் போதும். 1500 வாட் கெட்டில்கூட ஆறு ஆம்பியருக்கு அதிகம். பிரேக்கர் பெட்டியைச் சில இடங்களில் பூட்டி வைத்திருப்பார்கள். ஆபீஸ் மூடிய பிறகு தட்டினால் விடியும்வரை இருட்டுதான்.

எடுத்துப்போக வேண்டியது 700 வாட் எலக்ட்ரிக் ரைஸ் குக்கர். மூன்று ஆம்பியர்தான் இழுக்கும். அதிலேயே சாதம், கிச்சடி, பருப்பு, முட்டை அவிப்பது எல்லாம் நடக்கும். அது ஓடும்போது கெட்டிலைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

பிளக் விஷயம்: நம் மூன்று உருண்டைக் கம்பி பிளக் அங்கே நுழையாது. பர்மா பஜாரில் கிடைக்கும் 'எல்லா நாட்டுக்கும்' அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இல்லை. போன் சார்ஜருக்குச் சரி, குக்கருக்குக் கூடாது. எர்த் உள்ள ஐரோப்பிய அடாப்டர் ஒன்று வாங்கி, அதில் வீட்டு எக்ஸ்டென்ஷன் போர்டைச் செருகிக்கொள்ளலாம். சுவிஸ் சாக்கெட் குழிவாக, வேறு வடிவத்தில் இருக்கும். உருண்டையான ஐரோப்பிய பிளக் அதற்குள் இறங்காது, தனி அடாப்டர் வேண்டும். இது அறைக்குள் உள்ள சாக்கெட்டுகளுக்கு. வெளியே கூடார இடத்தின் கம்பத்தில் இருப்பது பெரும்பாலும் நீல நிற மூன்று முனை சாக்கெட். அதற்கான கேபிளை ஆபீஸிலேயே வாடகைக்கோ முன்பணத்துக்கோ பல இடங்களில் தருகிறார்கள். சுருளாக வரும் கேபிள் என்றால் முழுவதையும் பிரித்துப் புல்லில் போட்ட பிறகுதான் குக்கரைப் போட வேண்டும். சுருளிலேயே விட்டால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும்.

கேஸ் அடுப்பு?
*- வாசகர், கொடுங்கையூர்*

கேஸ் டின்னை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. ஒரு தடவை பயன்படுத்திய அடுப்பில் வாசனை இருந்தாலும் பிடுங்கி வைத்துவிடலாம். இரண்டையும் போய் இறங்கியதும் டெக்காத்லான் போன்ற கடையில் வாங்குங்கள். ஒரே கடையில், அடுப்பில் டின்னை மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். திருகு வகை, அழுத்தி மாட்டும் வகை, ஓட்டை போடும் வகை என்று டின்னில் மூன்று நான்கு வகை. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. 450 கிராம் டின் ஒன்று, 2.5 கிலோவாட் பர்னரை முழுத் தீயில் வைத்தால் சுமார் இரண்டரை மணி நேரம் வரும்.

நம்மவர்கள் செய்கிற ஆபத்தான காரியம் ஒன்று உண்டு. டின்னின் தலையிலேயே உட்காரும் சின்ன அடுப்பில் அகலமான பிரஷர் குக்கரை வைத்து, காற்றுக்குச் சுற்றிலும் தகரத்தை அடைப்பது. சூடு குக்கரின் அடியில் மோதிக் கீழே இறங்கி டின்னைக் காய்ச்சும், டின் வெடிக்கலாம். குக்கர்தான் வேண்டுமென்றால் டின் தனியே நிற்க, டியூப் வழியாக கேஸ் வரும் தாழ்வான அடுப்பை வாங்குங்கள். மலையில் விடிகாலை அடுப்பு சோம்பி எரிந்தால் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகவே மறுக்கும். புரொப்பேன் கலந்த டின் வாங்க வேண்டும்.

மழை, குளிர் என்று கூடாரத்துக்குள் மட்டும் அடுப்பைப் பற்ற வைக்கவே கூடாது. தீப்பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும்.

கருவாடு கொண்டுபோகலாமா? சிரிக்காமல் பதில் சொல்லவும்.
*- வாசகர், காசிமேடு*

சிரிக்க என்ன இருக்கிறது, போகலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சொந்த உபயோகத்துக்கு மீன், கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. உங்கள் கருவாட்டை விடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் நெய்யைப் பிடுங்குவார்கள்: இறைச்சி, நெய், பால்பவுடர், பால்கோவா எதுவும் உள்ளே போகாது. கைக்குழந்தைக்கான பால்பவுடர் மட்டும், பிரிக்காத கம்பெனி டப்பாவாக இருந்தால், 2 கிலோ வரை போகும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். முழுத் தேங்காய்க்கு அங்கே தடையில்லை. கொப்பரையை நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால்.

அரிசி சுமக்க வேண்டாம். பாரிஸில் கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் லா ஷாப்பேல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரிசி முதல் முருங்கைக்காய் வரை வாங்கலாம். கருவாட்டை வறுப்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள், பக்கத்துக் கூடாரம் நான்கடியில்தான் இருக்கும்.

குளிர் எப்படி இருக்கும்? இரண்டு போர்வை போதாதா?
*- வாசகி, திருவொற்றியூர்*

போதாது. லாட்டர்புரூனன் 800 மீட்டர் உயரம், மே மாத இரவில் 5 டிகிரிக்கு இறங்குவது அங்கே சர்வசாதாரணம். நம் ஊர் மார்கழியில்கூட 20ஐ ஒட்டித்தான் நிற்கும். கூடாரத்தில் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்தே அதிகம் வரும். உடம்பின் கனத்தில் கீழ்ப்பக்கப் போர்வை அமுங்கி, அதற்குள் இருந்த காற்று போய்விடுவதால் எத்தனை போர்வை போட்டாலும் முதுகு ஜில்லென்றே இருக்கும். முதலில் வாங்க வேண்டியது பாய்: வெப்பத் தடை எண் 'ஆர்' 3க்கு மேல் எழுதியிருக்க வேண்டும். சாதாரணக் காற்று மெத்தை மெத்தென்று இருக்குமே தவிர, உள்ளே உள்ள காற்று சுழன்று தரைக் குளிரை அப்படியே மேலே கொண்டுவரும்.

ஸ்லீப்பிங் பேகில் இரண்டு மூன்று எண் போட்டிருப்பார்கள். 'கம்ஃபர்ட்' என்ற எண்ணை மட்டும் பாருங்கள். அது 5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் பிழைக்கும் அளவு, தூங்கும் அளவு அல்ல. பெரிய எழுத்தில் அச்சடிப்பது பெரும்பாலும் கம்ஃபர்ட் அல்லாத எண்ணைத்தான்.

குளிருகிறது என்று கூடாரத்தின் காற்றுத் துளைகளை மூடாதீர்கள். நான்கு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்குக் குறையாத தண்ணீர் இருக்கிறது. அது துணியில் படிந்து விடியற்காலை முகத்தில் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று நினைப்பீர்கள், உங்கள் மூச்சுத்தான்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் மலையில் மட்டும் மொபைல் ஹோம் (கேம்ப்சைட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கும் வண்டி வீடு) அல்லது மர அறை எடுங்கள். அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் உள்ளதாகப் பார்த்து எடுக்கலாம். படுக்கை விரிப்பு பெரும்பாலும் வாடகையில் சேராது, வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். முதல் பயணத்துக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். கூடாரத்தைக் கார்டாவிலும் வெனிஸிலும் போட்டுக்கொள்ளலாம்.

கார் எடுத்தால் என்ன கவனிக்க வேண்டும்?
*- வாசகர், மணலி*

வலது பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். பழகாதது, பிரான்ஸில் பலகை ஏதும் இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது. சின்னச் சந்திலிருந்து வந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். இங்கே ஹாரன் அடித்துப் போகிற இடத்தில் அங்கே பிரேக் அடிக்க வேண்டும். இத்தாலிய ஊர்களின் பழைய மையப் பகுதிகளில் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் வருடச் சீட்டு, ஒரு நாள் போனாலும் அதேதான். ஆர்டிஓவில் ஒரு வருட சர்வதேச பெர்மிட் வாங்கி, அசல் லைசென்ஸையும் கூடவே வைத்திருங்கள். இத்தாலியில் 150 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குச் சைல்டு சீட் கட்டாயம்.

பாத்ரூம் வசதி பற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது…
*- வாசகி, ராயபுரம்*

கூச்சம் வேண்டாம். கேம்ப்சைட்டின் பொதுக் கழிப்பறைகள் சுத்தமாக இருக்கும், ஆனால் உள்ளே குழாயோ மக்கோ இருக்காது. ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் எடுத்துப்போங்கள், அல்லது அழுத்தினால் பீய்ச்சும் மூடி வைத்த தண்ணீர் பாட்டில். தரையில் தண்ணீர் போக வழி இருக்காது என்பதால் சிந்தாமல் பயன்படுத்த வேண்டும். பல கழிப்பறைகளில் டிஷ்யூ பேப்பரும் இருக்காது, கையோடு கொண்டுபோக வேண்டும். சில இடங்களில் ஷவருக்கு ஆபீஸில் டோக்கன் வாங்க வேண்டும்; சில நிமிஷத்தில் வெந்நீர் நின்றுவிடும், பிள்ளைகளுக்குச் சோப்பு போட்ட பிறகு டோக்கனைப் போடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதால் எல்லாரையும் ஒன்பதரைக்கே ஒரு தடவை கூட்டிப்போய்விட்டு வாருங்கள், டார்ச் மறக்காமல்.