உங்கள் நெல்லை அவர்கள் திரையில் அரைத்துக் காட்டச் சொல்லுங்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஆலைக்காரர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஈஆர்பி பற்றியவை. கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்தான் அது. வாங்கலாமா, யாரிடம் வாங்கலாம், வாங்கிய பிறகு ஏன் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி, ஆலங்குளம் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறோம். கணக்கு டேலியில் ஓடுகிறது. ஈஆர்பி விற்க வந்தவர், எந்த உற்பத்திக்கும் தங்கள் மென்பொருள் பொருந்தும் என்கிறார். நம்பலாமா?

நம்புவதற்கு முன்னால், ஒரு லாரி நெல்லை அவர் திரையில் அரைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

காரணம் இருக்கிறது. இன்றைய ஈஆர்பிக்கு மூலம் எம்ஆர்பி என்ற கணக்குமுறை. பாக்கெட்டில் அச்சிடும் விலை இல்லை இது; எந்தப் பாகம் எப்போது எவ்வளவு வேண்டும் என்று திட்டமிடும் முறை. 1960களில் அமெரிக்காவில் டிராக்டர், இயந்திரம் செய்யும் ஆலைகளுக்காக ஐபிஎம்மின் ஜோசப் ஆர்லிக்கி போன்றவர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். நூறு உதிரிபாகம் சேர்ந்தால் ஒரு டிராக்டர் என்பதுதான் அதன் அடிப்படை. ஒரு பொருளுக்கு என்னென்ன பாகம் வேண்டும் என்று, பிஓஎம் என்ற பெயரில் அவர்கள் போடும் பட்டியலும் அப்படித்தான் இருக்கும். அரிசி ஆலையோ நேர் எதிர். ஒரே நெல் உள்ளே போகிறது. அரிசி, குருணை, தவிடு, உமி என்று நாலாகப் பிரிந்து வெளியே வருகிறது. உமி விலைக்குப் போகாமல் உங்கள் பாய்லருக்கே போகலாம். அந்த நெல்லுக்குக் கொடுத்த விலையை இந்த நாலுக்கும் எப்படிப் பங்குபோடுவது? இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் உங்கள் அரிசியின் அடக்கவிலை எந்நாளும் தப்பாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஈரம். 18 சதவீத ஈரத்தோடு 10 டன் நெல் எடைமேடை ஏறுகிறது. 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் அது 9,535 கிலோதான். 465 கிலோ தண்ணீராகப் போய்விட்டது. ஈரத்தைப் பதிய இடமில்லாத மென்பொருள் இதைத் திருட்டு என்று காட்டும், அல்லது யாராவது ஒரு பொய் வவுச்சர் போட்டு நேர்செய்வார்கள். இரண்டுமே ஆலைக்கு நல்லதல்ல.

எனவே டெமோவுக்கு அவர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கைப் பார்க்காதீர்கள். போன பிசானப் பருவத்தில் நீங்கள் வாங்கிய அம்பை 16 ரக நெல்லில் ஒரு லாட்டை எடுங்கள். எடைச்சீட்டு, ஈரம், சாக்கு எண்ணிக்கை, கிடைத்த அரிசி எல்லாவற்றையும் கையில் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலைகளுக்குப் புழுங்கலில் 68, பச்சரிசியில் 67 சதவீதம் என்று அளவு உண்டு. உங்கள் லாட் அதற்கு மேலா கீழா என்பதை அந்தத் திரை காட்ட வேண்டும். காட்டினால் மேற்கொண்டு பேசுங்கள். “அதை அப்புறம் எழுதித் தருகிறோம்” என்றால், எழுதித் தந்த பிறகு வரச் சொல்லுங்கள். அதுவரை டேலியும் ஒரு நல்ல எக்ஸெல் தாளும் போதும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில். மாவு பிசைந்து கொடுப்போம், வீடுகளில் பெண்கள் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். யாரிடம் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதே தெரிவதில்லை. இதற்கு மென்பொருள் உண்டா?

உண்டு. கேட்க வேண்டிய வார்த்தை ‘ஜாப் ஒர்க் ஸ்டாக்’. வெளியே போன மாவு உங்கள் மாவுதான். இருக்கும் இடம் மட்டுமே வேறு. ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் இடம் திறந்து, கொடுத்ததையும் வந்ததையும் பதியும் வசதி வேண்டும். அதைக் கணக்குப்பிள்ளை வாசலில் நின்று போனிலேயே தமிழில் பதிய முடிய வேண்டும். இல்லாவிட்டால் அவர் முதலில் நோட்டில் எழுதி, ராத்திரி கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஒரு மாதத்தில் அதுவும் நின்றுபோகும்.

ஒரு விஷயத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். பத்து கிலோ மாவுக்கு இத்தனை கிலோ அப்பளம் என்று வருடம் முழுக்க ஒரே அளவை வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் காய்வதும் ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்வதும் ஒன்றில்லை. அளவைப் பருவத்துக்கு ஒன்றாக வையுங்கள். எடை குறைந்ததாகத் திரை காட்டியதற்காக, தேய்த்துக் கொடுத்த பெண்ணின் கூலியைப் பிடிக்கக் கூடாது. கணக்கு வைக்கும் முறையில் உள்ள குறைக்கு அவர் என்ன செய்வார்?

எங்கள் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியது. இ-இன்வாய்ஸுக்காகப் பெரிய ஈஆர்பி வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். இ-இன்வாய்ஸ் என்பது ஜிஎஸ்டிக்காக அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் பில். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதற்கான வரம்பு 5 கோடி என்பது உண்மை. 2017-18 முதல் எந்த ஓர் ஆண்டில் தாண்டியிருந்தாலும் பொருந்தும். ஆனால் அதை டேலியிலிருந்தே எடுக்கலாம். இன்னொன்று, திருத்தங்களின் தடத்தை அழிக்காமல் வைத்திருக்கும் மென்பொருள்தான் வேண்டும் என்ற 2023 ஏப்ரல் விதி கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகளுக்கானது. கூட்டுவணிகம் என்றால் அதைச் சொல்லி யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டையில் லேத், ஃபேப்ரிகேஷன் பட்டறை. மென்பொருள் நிறுவனம் 80 சதவீதம் முன்பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கூடாது. வேலை முடிய முடியப் பணம் என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தின்போது ஒரு பங்கு, உங்கள் பொருள்பட்டியலும் ஸ்டாக்கும் ஏறியதும் ஒரு பங்கு, பழைய கணக்கும் புதியதும் ஒரு மாதம் சேர்ந்து ஓடி ஒத்துப்போனதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கை முதல் மாதக் கணக்கை முடித்த பிறகே கொடுங்கள்.

பிறகு ஏஎம்சியை, அதாவது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். ஆரக்கிள் போன்ற பெரிய நிறுவனங்களே லைசென்ஸ் தொகையில் ஆண்டுக்கு 22 சதவீதம் வாங்குகின்றன. அந்தக் கணக்கில் ஐந்தே ஆண்டில் இன்னொரு லைசென்ஸின் விலையைத் தாண்டிக் கொடுத்திருப்பீர்கள். கோட்டேஷனைப் பார்க்கும்போது முதல் வருஷத்தை மட்டும் பார்க்காமல் ஐந்து வருஷத்தையும் கூட்டிப் பாருங்கள். மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட், பெல்ஜியத்து ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பு ஆகியவற்றுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவிப் பழக்கித் தருபவருக்குக் கூலி உண்டு. தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ இருப்பதில் நம் எல்லாருக்கும் பெருமைதான். வாங்கும்போது அவர்களையும் மற்றவர்களைப் போல உங்கள் வேலையைச் செய்துகாட்டச் சொல்லியே வாங்குங்கள்.

நான் ஒரு சிறு நூற்பாலையில் ஸ்டோர் கணக்குப் பார்த்த காலத்தில், மென்பொருள் தந்தவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். சர்வரின் பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும்தான் இருந்தது. நாலு வருஷக் கணக்கைப் பழைய பில்களிலிருந்து திரும்ப எழுதினோம். அந்த இரண்டு மாதத்தை இன்னும் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: கிளவுடோ, சொந்த சர்வரோ, முழு டேட்டாவையும் மாதம் ஒருமுறை நீங்களே இறக்கி, திறந்து பார்க்க முடிய வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே ஒருமுறை செய்து பாருங்கள்.

கங்கைகொண்டானில் ஒரு பெரிய ஆலைக்குப் பாகம் சப்ளை செய்கிறோம். அவர்கள் எஸ்ஏபி வைத்திருக்கிறார்கள். நாங்களும் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எஸ்ஏபி பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் ஈஆர்பி. அவர்களுக்கு உங்களிடமிருந்து தேவை சரியான பிஓ (கொள்முதல் ஆர்டர்) எண்ணும், அவர்களுடைய பொருள் கோடும், பார்கோடு ஒட்டிய பெட்டியும். அதை எந்த மென்பொருளிலும் கொடுக்கலாம். யாராவது ஈசிசி என்ற எஸ்ஏபியின் பழைய பதிப்பைச் சல்லிசாகத் தருகிறேன் என்று வந்தால் ஒதுங்கிவிடுங்கள். அதற்கான வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கிறது.

அம்பாசமுத்திரம் ஆலை ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறேன். மென்பொருள் வந்து ஏழு மாதம். ஸ்டாக் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. பழி என்மேல் விழுகிறது அண்ணாச்சி.

தம்பி, தப்பு பெரும்பாலும் உங்கள்மேல் இருக்காது. முதல் நாள் ஏற்றிய ஸ்டாக்கை யார் எண்ணினார்கள் என்று கேளுங்கள். பழைய நோட்டிலிருந்து அப்படியே ஏற்றியிருந்தால் அன்றைக்கே தப்பு உள்ளே வந்துவிட்டது.

அப்புறம் பொருள்பட்டியலைப் பாருங்கள். ‘6205 பேரிங்’, ‘பேரிங் 6205’, ‘பால் பேரிங் 6205’ என்று ஒரே பொருள் மூன்று பெயரில் இருக்கும். நட்டைக் கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் கொடுப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே மாற்றுவிகிதம் பதியப்பட்டிருக்காது. இருப்பு இல்லாமலே பொருள் வெளியே போக மென்பொருள் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். மைனஸில் போகவிடும் அந்த அனுமதியை, எண்ணி முடித்ததும் அடைக்கச் சொல்லுங்கள். ராத்திரி ஷிஃப்டில் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். சீட்டு இல்லாமல் எடுத்துப் போவது அங்கேதான் நடக்கும்.

ஸ்டாக்கை முதலிலிருந்து திரும்ப எண்ணத்தான் வேண்டும். அதற்கு நாள் பார்ப்பதும் முக்கியம். 1999இல் அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம், ஹாலோவீன் விற்பனை நெருங்கிய நேரத்தில் புது மென்பொருளுக்கு மாறியது. குடோனில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலர் அளவுக்கான ஆர்டர்களை அனுப்ப முடியாமல் தவித்தது. நீங்களும் தீபாவளிக்கு முன்னால் இதில் கை வைக்காதீர்கள். ஆர்டர் குறைந்த ஒரு சனி, ஞாயிறை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். வரத்து, போக்கு இரண்டையும் நிறுத்தி, கதவை அடைத்து, இருவர் இருவராக எண்ணுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், தனியே எண்ணி எழுதட்டும். திங்கட்கிழமை அந்த எண்ணிக்கையை ஏற்றுங்கள். அன்றிலிருந்து தினமும் இருபது பொருளை எண்ணித் திரையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தேதி போட்டு எழுதி, முதலாளியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.