காலில் காரணம் தெரியாத அரிப்பு, எரிச்சல், தடிப்பு: எப்படிச் சமாளிப்பது?

இரண்டு கால்களிலும் சிவந்த தடிப்பு, இரவானால் அரிப்பு, சொறிந்தால் எரிச்சல், எந்த மருந்துக்கும் கேட்கவில்லை, காரணமும் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல. இதே தொல்லையை வெகுநாள் பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் தடிப்பு சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பாதி துப்பு அங்கேயே கிடைத்துவிடும். கடைசி இரண்டு விரல்களின் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்தால் பெரும்பாலும் சேற்றுப்புண், அதாவது பூஞ்சை. உள்ளங்காலிலும் விரல்களின் பக்கவாட்டிலும் ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் என்றால் அது எக்ஸிமா என்னும் தோல் அழற்சியில் ஒரு வகையாக இருக்கலாம், உள்ளங்கையிலும் வரும். வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள் என்றால் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும். தோலில் ஒன்றுமே தெரியாமல் வெறும் எரிச்சல் மட்டும் இருந்தால் கோளாறு நரம்பில் இருக்கக்கூடும். அதற்கு க்ரீம் தடவிப் பயனில்லை. ரத்தத்தில் சர்க்கரை அளவையும் வைட்டமின் பி12 அளவையும் பார்க்க வேண்டும்.

எனக்கு விரல் இடுக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. பாதத்தின் மேல்புறத்தில் மட்டும், இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தடிப்பு. தோல் மருத்துவர் செதிலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார், பூஞ்சை இல்லை. அப்புறம் பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு ஒட்டுகளாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த சில நாள்களில் மறுபடியும் பார்ப்பார்கள். அந்த நாள்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது என்பதுதான் பெரிய இம்சை. முடிவில் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ஒரு ரசாயனம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. ஷூவின் ரப்பர், பசை, தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியம், சாயம் எல்லாமே இப்படிச் செய்யக்கூடியவை. காலில் வியர்க்க வியர்க்க அவை கசிந்து தோலில் இறங்கும். பழகிய ஷூதானே என்று விட்டுவிடாதீர்கள். வருஷக்கணக்கில் போட்ட பிறகும் ஒவ்வாமை புதிதாக வரலாம். ஷூவை மாற்றினால் பழைய சாக்ஸையும் தூக்கிப் போடுங்கள், துவைத்தாலும் அந்த ரசாயனம் அதில் தங்கிவிடக்கூடும். இதை யாரும் சொல்வதில்லை.

காரணம் தெரியும்வரை ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீங்களாகவே பூச வேண்டாம். பூஞ்சையாக இருந்தால் சிவப்பும் அரிப்பும் அடங்கி, குணமானது போலவே தெரியும். உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் பெரிதாகக் கிளம்பும், அதுவும் உருமாறி, பார்த்தாலே அடையாளம் தெரியாதபடி. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த ‘மூன்றும் ஒன்றில்’ வகை ட்யூப்கள் மீது எனக்குக் கோபமே உண்டு.

சரி, இன்றிரவை எப்படிக் கடத்துவது? சுடுதண்ணீரில் காலை வைத்தால் சொர்க்கமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு எடுத்து, விரல் இடுக்குவரை ஒற்றித் துடைத்துவிட்டு, தோல் வறண்டிருந்தால் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஈரமான விரல் இடுக்கில் மட்டும் அது வேண்டாம். ஐஸை நேரடியாக வைக்காதீர்கள். போர்வைக்குள் கால் சூடானால் அரிப்பு கூடும், அதனால் பாதத்தை வெளியே நீட்டிப் படுப்பேன். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், தூக்கத்தில் சொறிவதை நம்மால் தடுக்க முடியாது.

சிவப்பு காலில் மேலேறினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்ன வெடிப்புக்கே காட்ட வேண்டும். மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய ட்யூப்களையும், அடிக்கடி போடும் ஷூ, செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தடிப்பின் எல்லையும் செருப்பு வாரின் எல்லையும் பொருந்துகிறதா என்று அவர் அங்கேயே வைத்துப் பார்த்துவிடுவார்.