வழக்கு வேறு, பழி வேறு சகோதரரே

அண்ணன் போலிக் கையெழுத்துப் போட்டு வீட்டை எழுதிக்கொண்டார், சபையில் "பழிவாங்குதல் கர்த்தருடையது, வழக்கை வாபஸ் வாங்கு" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

அவர்கள் காட்டும் வசனம் ரோமர் 12:19. "கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்" என்று அதில் வரும், அதாவது தண்டனையைத் தேவனுடைய கோபத்துக்கு விட்டுவிடுங்கள் என்று. சற்றுத் தள்ளி 13:4-ல் அதே "கோபாக்கினை" மறுபடி வருகிறது. அங்கே தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரியை, அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் தேவஊழியக்காரன் என்கிறார். நீதிமன்றப் படி ஏறுவது கர்த்தரிடமிருந்து பழியைப் பிடுங்குவது ஆகாது.

ஆனால் 1 கொரிந்தியர் 6-ஐ ஒதுக்கிவிடாதீர்கள். சகோதரர் வழக்கைச் சபைக்குள்ளேயே தீர்க்கச் சொல்லும் இடம் அது. அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்றும் கேட்கிறது. போதகரை நடுவில் வைத்து முதலில் பேசிப் பாருங்கள். அண்ணன் வரவே மறுத்தால் வழக்கு நடக்கட்டும்.

ஆள் வைத்து அடிக்கலாமா என்று யோசித்ததாகச் சொன்னீர்களே, அதைத்தான் இன்றே விட்டுவிடுங்கள். தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா, எங்கேதி குகையில் தாவீதின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். தாவீது அறுத்தது சால்வைத் தொங்கலை மட்டும். அதற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது. பிறகு வெளியே வந்து அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டி, சவுலிடம் நியாயத்தைச் சத்தமாகவே கேட்டான். நீங்களும் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.