வீட்டை அடகு வைத்து விமானி ஆக்கலாமா?

கேள்வி: பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த என் மகன், மலேசியா ஏர்லைன்ஸில் விமானி ஆகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வீட்டை அடகு வைத்துப் படிக்க வைக்கலாமா? வேலை நிலைக்குமா?
– ஒரு தகப்பனார், பட்டர்வொர்த்

பதில்: வீட்டுப் பத்திரத்தை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள் ஐயா. முதலில் பையன் விமானிகளுக்கான கிளாஸ் 1 மருத்துவச் சோதனை செய்துகொள்ளட்டும், அதில் தேறாவிட்டால் மற்றது எதுவும் நடக்காது. கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அதற்கு விதியில் இடம் உண்டு.

விமானி பற்றாக்குறை என்று செய்தியில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அனுபவசாலிகளைப் பற்றியது. வளைகுடா நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போவது அவர்களைத்தான், சுமார் 200 மணி நேரம் பறந்துவிட்டு கமர்ஷியல் லைசென்ஸோடு (சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமம்) வரும் பிள்ளையை அல்ல. கேப்டனுக்கான லைசென்ஸுக்கு 1500 மணி நேரமாவது வேண்டும், அதைச் சேர்க்க யாராவது வேலை கொடுத்தாக வேண்டுமே! அப்புறம், ஆளெடுப்பு விமான எண்ணிக்கையைப் பொறுத்தது. 2024-இல் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை மலேசியா ஏர்லைன்ஸே பயணச் சேவைகளைக் குறைத்தது.

நிலைக்குமா என்றால், மலேசியா ஏர்லைன்ஸ் 2014-இல் இரண்டு விமானங்களை இழந்த பிறகு, 2015-இல் அங்கே சுமார் 6,000 பேருக்கு வேலை போனது. 2020-இல் கொரோனா வந்து உலகம் முழுக்க விமானிகளை வீட்டில் உட்கார வைத்தது. ஆட்குறைப்பு என்றால் பல இடங்களில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே.

நிறுவனமே செலவு செய்து விமானிப் பயிற்சி தரும் கேடட் திட்டம் கிடைத்தால் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் கட்டிப்போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.